ஒரு சோடி டயர்

எங்கள் பல்லேகமப் பகுதியில் கை உழவு யந்திரத்தை எந்தக் கம்பனியார் செய்திருப்பினும் அதற்கு 'லாண்ட்மாஸ்டர்' என்றே பெயர். அது வயலை உழும். பெட்டியைப் பூட்டிவிட்டால் நெல்லையும் ஏற்றும், கலியாண வீட்டுக்குப் போகும் பெண்களையும் ஏற்றும். சென்ற ஆண்டு பெரும்போகம் தொடங்குவதற்குச் சில நாட்கள் இருக்கையில் எங்கள் யந்திரத்தின் இடப்பக்க டயர் கிழிந்து போயிற்று.

கையில் பணம் இல்லாமலில்லை. சமையலறைக் கூரைக்குத் தகடு போடுவதற்கென்று என் மனைவி சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தாள். "கிழிந்தது ஒன்றுதானே? மற்றது நன்றாகத்தானே இருக்கிறது! பின் எதற்கு இரண்டு வாங்க வேண்டும் என்கிறீர்கள்?" என்று அவள் கேட்டதில் நியாயம் இல்லையென்று எவர் சொல்வார்?

ஆனால் அதற்கு விடை சொல்வதாயின், நான் மூன்றாண்டுகளாக மறைத்து வைத்திருந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் டயர் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்த வேளையில், வலப்பக்கத்துக்கு மட்டும் ஒரு புது டயர் வாங்கிப் பூட்டினேன். மோட்டார் வண்டியில் இரு சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழியுண்டு. கை உழவு யந்திரத்தில் அது இல்லை. கிளச்சை அழுத்தாதவரை இரண்டும் ஒரே கணக்கில்தான் சுழலும். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு, புதியதன் சுற்றளவு அதிகம். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் வலப்பக்கம் சற்றே முந்திச் செல்ல, யந்திரம் இடப்பக்கமாகவே இழுத்துக்கொண்டிருந்தது. என் தோளும் அந்நாள் முதல் நோகத் தொடங்கியது.

ஒருநாள் மாலை இறக்கமொன்றில் வருகிறேன். பெட்டியில் இரண்டு மூடை நெல். அவற்றின்மேல் என் மகள். இடப்பக்கம் இழுத்ததைத் திருத்த எண்ணி வலப்பக்கக் கிளச்சை அழுத்தினேன். சமதரையில் அது சரி. இறக்கத்திலோ, விடுபட்ட சில்லு பாரத்தின் வேகத்தால் முந்தியோட, யந்திரம் எதிர்ப்புறமே திரும்பும். உழவனுக்கு இது தெரியாததன்று, பதற்றத்தில் மறந்தேன். கானின் ஓரத்து மண்மேடு எங்களைத் தடுத்தது. ஒரு மூடை சிந்தியதோடு போயிற்று. வீட்டில், கல்லொன்றில் ஏறிவிட்டது என்று சொல்லி வைத்தேன். மகளும் வாய் திறக்கவில்லை.

இதையெல்லாம் கேட்டபின் மனைவி வெகுநேரம் பேசவில்லை. பின்னர் தகரப் பேணியை எடுத்துவந்து என் முன்னே வைத்தாள்.

மறுநாள் றிவஸ்டன் மலையைக் கடக்கும் பேருந்தில் மாத்தளைக்குப் போனேன். '6.00-12' என்றால் டயரின் அகலம் ஆறு அங்குலம், உள்ளே பொருந்தும் வட்டின் விட்டம் பன்னிரண்டு அங்குலம். இவ்வளவு எனக்குத் தெரியும். விளிம்பருகே பொறித்துள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் வாரத்தையும் பின்னிரண்டும் ஆண்டையும் குறிப்பன என்பதையும் அறிவேன். அதைப் பார்த்தே, மலிவாகக் காட்டப்பட்ட ஒரு சோடியை வேண்டாமென்றேன். கிடந்து வயதான றப்பர் புதிதாகவே தோன்றும். வெயிலில் நாலு நாள் ஓடினால் வெடிப்பு விடும்.

தடுமாறியது பட்டியின் ஆழத்தில்தான். ஆழமான பட்டியுள்ளது ஈரமண்ணைப் பற்றிக்கொள்ளும். தார் வீதியில் விரைவாகத் தேயும். ஆழம் குறைந்தது வீதிக்கு நன்று. (பெரிய புற்றரைகளில் ஏறி அமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் யந்திரங்களுக்குப் புல்லின் மனம் நோகாதபடி அகன்று தட்டையான டயர் போடுவார்களாம். நமக்கு அந்தக் கவலை இல்லை.) பழைய வயலாயிருந்தால் நான் யோசித்திருக்கவே மாட்டேன். ஆனால் 2018ஆம் ஆண்டில் களு கங்கை நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியபோது பழைய பல்லேகம நகரோடு எங்கள் வயலும் நீருக்குள் போய்விட்டது. இப்போதைய காணி மேட்டு நிலம். சேற்றுழவுக்கு இரும்புச் சில்லு பூட்டுகிறோம். டயர் ஓடுவதில் முக்காற்பங்கு தார் வீதியில்தான். இதைக் கணக்கிட்டுப் பார்த்தபின்னும், என் கை ஆழமான பட்டியைத்தான் தடவிக்கொண்டிருந்தது. கடைக்காரர், "ஐயா, வயலுக்கா வீதிக்கா?" என்று கேட்டார். சிறிது தயங்கி, "வீதிக்கு" என்றேன்.

வீட்டில் பூட்டும்போது அயல்வீட்டுச் சிங்களப் பெரியவர் உதவிக்கு வந்தார்; நாங்கள் அவரை 'மாமே' என்றுதான் அழைப்பது. பட்டிகள் கூடும் முனை முதலில் நிலத்தில் படும்படி டயர் அமைந்தால்தான் மண் இருபுறமும் ஒதுங்கும். நான் ஒன்றைத் திருப்பி வைத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல், பக்கத்திலிருந்த அம்புக்குறியை விரலால் தொட்டுக் காட்டினார்.

மீந்த பணத்துக்கு மூன்று தகடுகளே கிடைத்தன. எஞ்சிய கூரைக்குப் பொலித்தீன் விரித்து, காற்றில் பறக்காதிருக்கக் கிழிந்த டயரை மேலே போடலாம் என்றேன். நீர் தேங்கினால் நுளம்பு பெருகுமென்று மனைவி வாளை எடுத்துத் தந்தாள். அறுத்து முடிக்க இருட்டிவிட்டது.