வெண்டியின் உறவும் யப்பான் கடதாசியும்

தோக்கியோ நகரின் இக்கெபுக்குரோ நிலையத்தில் ரெயிலேறி, ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் வடமேற்கே சென்றால் ஒகாவா என்னும் சிற்றூரை அடையலாம். மலைகள் சூழ்ந்த இவ்வூரில் இன்றும் கையினாலே கடதாசி செய்கின்றனர். 'ஹொசொகவா' எனப்படும் அக் கடதாசியின் செய்முறையை, வேறிரு ஊர்களின் செய்முறைகளோடு சேர்த்து, 2014 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலிற் பதிந்துகொண்டது. பண்டைய வணிகர் தம் கணக்கேடுகளை இத்தகைய கடதாசியிலே எழுதினர். தீப்பற்றினால் ஏடுகளைக் கிணற்றில் எறிந்துவிட்டு ஓடுவராம். நீரில் ஊறினாலும் தாள் கரையாது!

நாம் சென்றது கடுங் குளிர்காலம். முசுக்கட்டை இனத்ததான கோசோச் செடியின் கிளைகளை ஆவியில் அவித்துப் பட்டையை உரிக்கின்றனர். கரிய மேற்றோலைச் சுரண்டி நீக்கி, காரநீரில் வேகவைத்து, நன்னீரில் அலசுகின்றனர். பின்பு தும்பில் ஒட்டிய மாசுகளை விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்குகின்றனர். குளிர்ந்த நீரில் விறைத்த அவ் விரல்களைப் பார்த்த பின், தாளொன்றைக் கசக்கி எறிய மனம் வராது.

அடித்து மென்மையாக்கிய தும்பைத் தொட்டி நீரிற் கலந்து, அதனுடன் ஒரு வேரின் பசையையும் சேர்க்கின்றனர். அவ்வேர் எமது வெண்டிக்கு நெருங்கிய உறவான தொரொரோ அவோய் என்னும் செடியினது. வெண்டிக்காயின் வழுவழுப்பைப் போக்க எம் தாய்மார் புளி விடுவார்கள். இவர்களோ வழுவழுப்புக்காகவே ஒரு செடியை வளர்க்கிறார்கள். அப்பசையினால் தும்பு அடியிற் படியாது மிதக்கும்; மூங்கிற் சல்லடையிலிருந்து நீர் மெல்ல வடியும். ஈரத் தாள்களை இடையே துணி வைக்காமல் அடுக்கினாலும், பின்னர் ஒவ்வொன்றாக உரித்தெடுக்கலாம். வெப்பத்திற் பசை கெட்டுவிடும் ஆதலால், குளிர்காலமே இத்தொழிலுக்கு உகந்தது.

ஆனால் அந்த வேருக்கே இன்று பஞ்சம். வேர் பருக்க வேண்டுமாயின் கோடை வெயிலில் நின்று மொட்டுகளைக் கையினாற் கிள்ள வேண்டும். இபராக்கி மாகாணத்தின் ஒமித்தாமாவில் இதனைப் பயிரிட்டுவந்த சில குடும்பத்தார், முதுமையாலும் வருவாய்க் குறைவாலும் பயிரைக் கைவிடப்போவதாக 2019 இல் அறிவித்தனர். இரசாயனப் பசை கிடைக்கிறது; மரபுக் கடதாசிக்கு அது ஆகாது என்கின்றனர் இங்குள்ளோர். பட்டியலிற் பதிந்துகொண்டவர்கள் மொட்டுக் கிள்ள வருவார்களா?

தொட்டியருகே நின்ற அம்மையார் எம்மிடமும் சல்லடையைத் தந்தார். நாம் அள்ளிய தாள் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் ஓட்டை விழுந்தும் வந்தது. அவர் சிரித்துவிட்டு அதனைத் தொட்டியிலேயே மீண்டும் கரைத்தார்; தும்பும் பசையும் வீணாகக் கூடாதல்லவா!