மரமில்லா மலையின் உச்சியில்

வேலூர்க்காரர்களைக் கண்டால் வெளியூர் நண்பர்கள் ஒரு சொல்வழக்கை எடுத்து விடுவார்கள். “சாமியில்லாக் கோயில், அரசனில்லாக் கோட்டை, நீரில்லா ஆறு, மரமில்லா மலை, இவை சேர்ந்ததுதானே உங்கள் ஊர்?” என்பார்கள். சிரித்துக்கொண்டே கேட்கப்படும் கேள்விக்கு நாமும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவோம். ஆனால் இந்த நான்கையும் ஒரே இடத்தில் நின்று காண முடியும் என்பது உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது. அதற்கு, நான்காவதாகச் சொல்லப்பட்ட அந்த மலையின் மீதே ஏற வேண்டும்.

நகரின் கிழக்கே அரணைப் போல் நிற்கும் மலைகளில் சஜ்ஜாரா, குஜ்ஜாரா, முர்தஸா கட் என்று சிறு கோட்டைகள் இருக்கின்றன. 1677ஆம் ஆண்டு சிவாஜியின் படைகள் வேலூரை முற்றுகையிட்டபோது, கீழேயுள்ள பெரிய கோட்டை பீஜப்பூர் சுல்தானியரின் தளபதி அப்துல்லா கானின் பொறுப்பில் இருந்தது. அகழி சூழ்ந்த அக்கோட்டையை நேரே தாக்கிப் பயனில்லை என்று கண்ட மராட்டியர், அதை மேலிருந்து நோக்கும் குன்றுகளைப் பிடித்து அரண் அமைத்தனர். ஓராண்டுக்கு மேல் தாக்குப்பிடித்த கோட்டை 1678இல் வீழ்ந்தது. கீழே இருப்பவர் எவ்வளவு வலிமை உடையவராயினும், மேலே நின்று பார்ப்பவரிடம் எதையும் மறைக்க முடியாது என்பதற்கு அந்த முற்றுகை ஒரு சான்று.

புறப்பாடு

2025ஆம் ஆண்டு, ஷஅபான் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நாங்கள் மூவர் சஜ்ஜாரா மலைக்குப் புறப்பட்டோம். என் தந்தையார், கல்லூரியில் வேதியியல் படிக்கும் என் மகள், நான். தந்தையாருக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் ஆலைகளில் பதினான்காம் வயதில் வேலைக்குச் சேர்ந்து, மேஸ்திரியாக உயர்ந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடல்; இன்றும் ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்கு நடந்தே போகிறவர்.

முதல் நாள் இரவு வீட்டிற்கு வந்திருந்த என் அக்காவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. “அத்தா, உங்கள் வயதுக்கு இது தேவைதானா? அதோடு, வயதுக்கு வந்த பெண்பிள்ளை மலையேறப் போவதாவது!” என்றார். தந்தையார் கோபிக்கவில்லை. “அன்னை ஹாஜரா அவர்கள் ஸஃபாவிலும் மர்வாவிலும் ஏறி இறங்கியது எதற்காகம்மா? குழந்தைக்குத் தண்ணீர் தேடி. ஒரு பெண் மலையேறியதைத்தான் ஹஜ்ஜுக்குப் போகும் ஆண்கள் எல்லோரும் இன்றைக்கும் செய்துவருகிறார்கள்” என்றார். அக்கா அதற்குமேல் எதுவும் பேசவில்லை. காலையில் எங்களுக்கு முன்னே எழுந்து இட்லியைப் பொட்டலம் கட்டித் தந்தவரும் அவரே.

சுபுஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு, இருள் பிரியும் வேளையில் மலையடிவாரத்தை அடைந்தோம். வேலூரின் வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மாசி பிறப்பதற்கு முன்பே இங்குப் பாறை கொதிக்கத் தொடங்கிவிடும். ஒன்பது மணிக்குள் ஏறி முடித்து, பதினொரு மணிக்குள் இறங்கிவிட வேண்டும் என்று திட்டமிட்டிருந்தோம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டோம்.

பாறையும் பாதையும்

தெருக்கள் முடியும் இடத்தில் பாதை தொடங்குகிறது. சிறிது தூரம் வரை அதை நடை என்றே சொல்லலாம். வீடுகளின் மொட்டைமாடிகள் கண்ணுக்கு நேரே வந்து, பிறகு காலடிக்குக் கீழே போய்விடுகின்றன. அதன்பின் மண் மறைந்து பாறை வருகிறது. தழுவி நிற்க மரமில்லை. ஒதுங்கி நிற்க நிழலில்லை. உன்னிப் புதர்களும் சப்பாத்திக் கள்ளியும் காய்ந்த புல்லும்தாம் துணை.

பாதி உயரத்தில் பாதை மலையின் விலாவை ஒட்டித் திரும்புகிறது. ஒருபுறம் பாறைச்சுவர், மறுபுறம் வெறும் காற்று. காலுக்கடியில் உடைந்த சரளை. அவ்விடத்தில் என் மகள் நின்றுவிட்டாள். முகம் வெளிறிப்போயிற்று. தந்தையார் அவளைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. “பள்ளத்தைப் பார்க்காதே, அடுத்த காலை எங்கே வைக்கப்போகிறாய் என்பதை மட்டும் பார். பாறையில் முழுப் பாதமும் படட்டும். சரளைமீது குதிகாலை ஊன்றாதே” என்று மெல்லிய குரலில் சொன்னார். அவள் ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லிக்கொண்டு ஒவ்வோர் அடியாக வைத்துக் கடந்தாள். கடந்த பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது.

காலணியைப் பற்றியும் ஒரு சொல். ஊர் முழுக்கக் காலணி செய்யும் நம் பகுதியில் இதை அறியாதவர் இருக்க முடியாது, ஆயினும் சொல்லிவிடுகிறேன். வழவழப்பான பாறையில் தோல் அடிப்பாகம் வழுக்கும். ரப்பர் அடிப்பாகமே பிடிக்கும். தந்தையார் தம் பழைய தோல் செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, பேரனின் கான்வாஸ் காலணியை அணிந்து வந்திருந்தார்.

ஆவாரம்பூ

கோட்டை மதில் கண்ணில் படும் இடத்தில் ஓர் ஆவாரஞ்செடி மஞ்சளாகப் பூத்திருந்தது. தந்தையார் அதனருகில் அமர்ந்துவிட்டார். களைப்பினால் அமர்ந்தாரா, செடிக்காக அமர்ந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

“எங்களுக்குச் சோறு போட்டது இதுதான்” என்றார். ஆவாரம்பட்டையை இடித்து ஊறவைத்த தொட்டிகளில் தோல்கள் வாரக்கணக்கில் கிடந்த காலத்தை அவர் விவரித்தார். முதலில் உப்புத் தோலைக் கழுவ வேண்டும். பிறகு சுண்ணாம்புத் தொட்டி. பிறகு மயிர் நீக்கிச் சதை வழித்துப் பட்டைத் தொட்டி. கடைசியில் நிறம் கெடாமலிருக்கக் கடுக்காய். 1970களில் பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக்கப்பட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தது. குரோம் முறை வேகமாகப் பரவியது. வாரங்கள் பிடித்த வேலை சில நாள்களில் முடிந்தது. காலணித் தொழிற்சாலைகள் பெருகின. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கிடைத்தது. இவையெல்லாம் நன்மைகளே.

ஆனால் தோலிலிருந்து கழுவப்பட்ட உப்பு எங்கே போயிற்று? அது கரைந்து நிலத்தடி நீரில் சேர்ந்தது. எங்கள் பூர்வீகக் கிணறு, தந்தையார் சிறுவயதில் கைகளால் அள்ளிக் குடித்த கிணறு, 1980களில் உவர்த்துவிட்டது. தென்னைகளின் குருத்து கருகியது. அந்த நிலத்தை வந்த விலைக்கு விற்றுவிட்டுத்தான் நாங்கள் வேலூருக்குக் குடிபெயர்ந்தோம். என் பள்ளிக் கட்டணத்தைக் கட்டியது ஆலைக் கூலி. எங்கள் கிணற்றைக் கெடுத்தது ஆலைக் கழிவு.

உச்சியில் கண்டவை

மதிலைத் தாண்டி மேலே நின்றபோது மணி எட்டாகியிருந்தது. காற்று உடையைப் பிடித்து இழுத்தது. வெயில் முதுகில் விழ, ஊர் முழுவதும் ஒளியில் விரிந்து கிடந்தது.

அதோ கோட்டை. 133 ஏக்கர் பரப்பு. அகழி ஒரு பச்சை நாடாவைப் போல் அதைச் சுற்றிக் கிடக்கிறது. உள்ளே கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் இருக்கின்றன. 1799இல் திப்பு சுல்தான் ஷஹீதான பின் அவர் குடும்பத்தார் சிறைவைக்கப்பட்ட இடம் அது. புதிய தலைப்பாகையில் தோலால் ஆன சின்னத்தை அணிய வேண்டும் என்றும், தாடியையும் சமயக் குறிகளையும் நீக்க வேண்டும் என்றும் பிறந்த உத்தரவுகளால் வெகுண்டு, 1806 ஜூலை 10 அன்று இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் ஒன்றாக எழுந்த இடமும் அதுவே. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரும் வேலூரில் கைதியாக இருந்து 1832இல் மறைந்தார். அரசனில்லாக் கோட்டை என்பது சரியன்று. அரசர்கள் வந்தார்கள், கைதிகளாக.

சாமியில்லாக் கோயில் என்பதும் இன்று பொய்யாகிவிட்டது. நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981இல் ஊர் மக்கள் மீண்டும் மூர்த்தியை நிறுவினார்கள். நான்கில் இரண்டு போயின.

வடக்கே, காட்பாடிக்கும் வேலூருக்கும் இடையே அகன்ற மணற்கோடு ஒன்று தெரிந்தது. அதுதான் பாலாறு. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, நம் மாநிலத்தில் 222 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேரும் ஆறு. 1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சூறையாடிய ஆறு. 2021 நவம்பரில் இரு கரையும் புரண்டு ஓடி, அப்படி ஒரு வெள்ளத்தைக் கண்டிராத இளைஞர்களைப் பாலங்களில் கூட்டம் கூட்டமாக நிற்கவைத்த ஆறு. அன்று அது மணலாகக் கிடந்தது.

யார் பக்கம்?

நாங்கள் புறப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன், 2025 ஜனவரி 30 அன்று, பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீட்டை அரசு வழங்கி, அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு முன்பே, 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்துபவரே விலை தர வேண்டும் என்னும் கொள்கையை அதே நீதிமன்றம் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ கெட்டுவிட்டதாக அத்தீர்ப்பில் பதிவாகியுள்ளது. உலக நாடுகளின் சட்ட மாணவர்களும் படிக்கும் அத்தீர்ப்பில் நம் ஊரின் பெயர் இருக்கிறது. பின்னர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. அவையும் கவனத்தோடு நடத்தப்பட்டால்தான் பயன். 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டையில் அத்தகைய நிலையமொன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டதை நாம் மறக்கலாகாது.

இவற்றையெல்லாம் படித்திருந்த என் மகள், மணலாறைப் பார்த்தபடியே கேட்டாள்: “நன்னா, உங்களை வாழவைத்ததும் அந்தத் தொழில்தான், உங்கள் கிணற்றைக் கெடுத்ததும் அதுதான். நீங்கள் யார் பக்கம்?”

தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நான் வாங்கிய கூலி ஹலாலான உழைப்புக்குக் கிடைத்தது. முதலாளிகளிலும் நல்லவர்கள் உண்டு. ஆனால் தோலுக்கு விலை கொடுத்தார்கள், உப்புக்கு விலை கொடுத்தார்கள், எனக்குக் கூலி கொடுத்தார்கள். தண்ணீருக்கு மட்டும் யாரும் எதுவும் கொடுக்கவில்லை. விலை கொடுக்காமல் எடுத்ததற்குப் பெயர் கடன். ஒருவர் மௌத்தாகிவிட்டால் அவர் சொத்தை வாரிசுகள் பங்கிடும் முன் என்ன செய்ய வேண்டும்?”

“கடனை அடைக்க வேண்டும்” என்றாள் அவள்.

“அவ்வளவுதான் அம்மா. நான் எந்தப் பக்கமும் இல்லை. கணக்கைச் சொல்கிறேன்.”

இறங்குவது ஏறுவதைவிடக் கடினமாக இருந்தது. முழங்கால்கள் நடுங்கின. ஏறும்போது தயங்கிய அந்தத் திருப்பத்தில் இப்போது என் மகள் முன்னே நின்று, பக்கவாட்டில் கால் வைக்கும் முறையைக் காட்டி நன்னாவை இறக்கினாள். வெயில் தகிக்கத் தொடங்கும் முன் அடிவாரம் சேர்ந்தோம். அல்ஹம்துலில்லாஹ்.

பங்கீட்டுக்கு முன்

தோல் வணிகத்தில் ஈட்டிய செல்வத்தால் நம் முன்னோர் செய்த அறங்கள் சிறியவை அல்ல. 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், தோல் வணிகரும் வள்ளலுமான சி. அப்துல் ஹக்கீம் சாஹிபின் பெயரால் 1965இல் மேல்விஷாரத்தில் எழுந்த கல்லூரியும் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைக் கரையேற்றியுள்ளன. மதரஸாக்களும் மருத்துவமனைகளும் எழுந்தன. அந்த அறங்களின் நிழலில் வளர்ந்த நாம் அவற்றைக் குறைத்துப் பேசுவது நன்றியாகாது.

அதே நேரம், அறம் கடனை அழித்துவிடாது. தர்மம் செய்பவர் முதலில் கடனை அடைக்க வேண்டும் என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவார்கள். மணற்கொள்ளை, மேல்நிலத் தடுப்பணைகள், மழைக்குறைவு என்று ஆறு வறண்டதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பது உண்மையே. ஆயினும் பிறர் கடனைச் சுட்டிக்காட்டுவதால் நம் கடன் தீர்ந்துவிடாது. ஆலை நடத்துவோர் சுத்திகரிப்புக்குச் செலவிடும் பணத்தை நஷ்டக் கணக்கில் எழுதாமல் கடன் தீர்க்கும் கணக்கில் எழுதட்டும். ஜமாஅத்துகள் திருமண மண்டபத்திற்குத் திரட்டும் அக்கறையில் ஒரு பங்கை ஏரிகளுக்கும் கால்வாய்களுக்கும் செலவிடட்டும். ஒளூச் செய்யும்போது குழாயைத் திருகி மூடும் பழக்கத்தை வீட்டில் தாய்மார்கள் கற்றுக்கொடுக்கட்டும்.

குளிர்காலத்தில் ஒரு காலை, அப்பகுதியை அறிந்த துணையோடு, பிள்ளைகளை அந்த மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஊரைப் பற்றிய சொல்வழக்கில் இரண்டு வரிகள் காலத்தால் மாறிவிட்டதை அவர்கள் கண்ணால் காணட்டும். அவற்றில் ஒன்றை மாற்றியவர்கள் ஊர் மக்களே. எஞ்சிய இரண்டையும் மாற்ற வேண்டியவர்கள் நாமும் நம் பிள்ளைகளும்தாம். அல்லாஹ் நம் முயற்சிக்குத் துணை நின்று, பாலாற்றில் மீண்டும் நன்னீர் ஓடச் செய்வானாக. ஆமீன்.