சிறு துளியும் பெரு வெள்ளமும்

"சிறு துளி பெரு வெள்ளம்" என்னும் பழமொழியை நாம் சிறு வயது முதலே கேட்டு வருகிறோம். உண்டியலில் போடும் காசுக்கும், நாள்தோறும் படிக்கும் ஒரு பக்கப் பாடத்துக்கும் அதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நல்லவை சிறிது சிறிதாகச் சேர்ந்து பெரிதாகும் என்பது அதன் பொருள். ஆனால் துளிக்கு நல்லது கெட்டது தெரியாது. தூய நீர்த் துளிகள் சேர்ந்தாலும் வெள்ளம்தான். கழிவுநீர்த் துளிகள் சேர்ந்தாலும் வெள்ளம்தான். இந்த இரண்டாவது வெள்ளத்தைப் பற்றி நம் பள்ளி ஆண்டு மலரில் எழுத விரும்புகிறேன். ஏனெனில் அந்த வெள்ளத்தின் இரண்டு கரைகளிலும் என் குடும்பத்தார் நின்றிருந்தார்கள்.

நொய்யல் ஆற்றை நீங்கள் அறிவீர்கள். வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர் நகரங்களின் வழியாகக் கிழக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற பெயருடைய ஊருக்கு அருகே காவிரியில் கலக்கிறது. காஞ்சிமாநதி என்பது அதன் பழம்பெயர். பண்டைக் காலத்தில் மணிக்கல் வேலைக்குப் புகழ்பெற்ற கொடுமணல் அதன் கரையில்தான் இருக்கிறது. இத்தனை பெருமை இருந்தாலும் நொய்யல் பெரிய ஆறு அன்று. மழைக்காலத்தில் பொங்கிவரும்; மற்ற மாதங்களில் மணலுக்கு நடுவே நூல்போல மெலிந்து கிடக்கும். தோழியரே, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

என் தந்தையார் திருப்பூரில் ஒரு சிறிய சாயப்பட்டறையில் வேலை செய்தார். என் தாயாரின் தந்தையார், நாங்கள் அப்புச்சி என்று அழைப்பவர், ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரத்துப்பாளையம் அணைக்கு அருகே விவசாயம் செய்தார். பட்டறையிலிருந்து வெளியேறிய நீர் ஆற்றில் இறங்கி, அப்புச்சியின் காட்டை நோக்கிப் போயிற்று. எங்கள் வீட்டில் அமைதி இருந்தது. ஆனால் அந்தப் பேச்சை எடுக்காதவரைதான் இருந்தது.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றுவது எப்படி என்று சற்றுச் சொல்கிறேன். சாயத்தை நீரில் கரைத்துத் துணியை முக்கினால் மட்டும் போதாது. சாயம் நீரிலேயே நிற்கப் பார்க்கும். அதை நூலிழையை நோக்கித் தள்ளுவதற்கு உப்பு வேண்டும். சாதாரண உப்பையோ சோடியம் சல்பேட்டையோ சேர்ப்பார்கள். அடர்ந்த நிறமானால் லிட்டர் ஒன்றுக்கு 50 கிராமுக்கு மேலும் தேவைப்படும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. சாயத்தைத் துணியில் சேர்த்துவிட்டுத் தான் மட்டும் நீரோடு வெளியேறிவிடுகிறது. பிறகு துணியைப் பலமுறை அலசுவதால் அந்த உப்பு மேலும் நீரில் பரவுகிறது.

கழிவுநீரின் நிறத்தைப் போக்குவது கடினமன்று. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் இட்டால் சாயத்தின் பெரும்பகுதி அடியில் படிந்துவிடும். உப்பு அப்படிப் படியாது, வடிகட்டினாலும் போகாது. தெளிந்த நீர் என்று கண் சொல்லும். இல்லை என்று நாக்கு சொல்லும். திருப்பூரில் முதலில் கட்டப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தனவே தவிர உப்பை நீக்கவில்லை.

இப்போது ஓர் எளிய கணக்குப் போடுவோம். கணக்குக்காக, பட்டறை நீரில் லிட்டருக்கு 5 கிராம் உப்பு என்றும், ஆற்று நீரில் அரை கிராம் என்றும் வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் வெளியேற்றும் நீரில் கரைந்த உப்புகளுக்கு வகுக்கப்பட்ட எல்லை லிட்டருக்கு 2,100 மில்லிகிராம், அதாவது 2.1 கிராம். ஒரு லிட்டர் கழிவுநீருடன் இரண்டு லிட்டர் ஆற்று நீர் கலந்தால் மூன்று லிட்டரில் 6 கிராம் உப்பு; லிட்டருக்கு 2 கிராம் ஆகிறது. ஆக, நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் விடும் ஒரு பட்டறைக்கு ஆறு இரண்டு லட்சம் லிட்டர் நல்ல நீர் தரவேண்டும். அத்தகைய பட்டறைகள் நூறு இருந்தால் நாள்தோறும் இரண்டு கோடி லிட்டர் தரவேண்டும். கோடைக்கால நொய்யல் அதற்கு எங்கே போகும்?

ஒரு தீபாவளிக்கு அப்புச்சி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பிட்டு முடித்த பிறகு பேச்சு எப்படியோ அங்கே வந்துவிட்டது. என் தந்தையார், "ஏனுங்க மாமா, எங்க பட்டறைத் தண்ணி ஒரு வாய்க்கா அளவுகூட வராதுங்க. அதுவா அத்தனை பெரிய டேமைக் கெடுத்துச்சு?" என்று கேட்டார். அப்புச்சி கோபப்படவில்லை. "மாப்பிள்ளை, எங்கிணத்துத் தண்ணி கரிக்குதுங்க. அதுல உங்க பட்டறை உப்பு எது, பக்கத்துப் பட்டறை உப்பு எதுன்னு பிரிச்சுப் பார்க்க எனக்குத் தெரியாதுங்க" என்றார். அதன்பின் இருவரும் பேசவில்லை. அம்மா வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தார்.

இருவர் சொன்னதும் உண்மைதான் என்பதே என்னைப் பல நாள் சிந்திக்க வைத்தது. அப்பாவின் பட்டறை விட்ட நீர் தனியே பார்த்தால் சிறிது. அப்புச்சியின் கிணற்றில் வந்து சேர்ந்தது பெரிது. "சிறிது" என்பதை விடுகிறவரின் அளவைக் கொண்டு சொல்வதா, வாங்கிக்கொள்ளும் ஓடையின் அளவைக் கொண்டு சொல்வதா? சட்டம் இந்தக் கேள்விக்கு என்ன விடை தருகிறது என்று பின்னாளில் தேடிப் பார்த்தேன்.

1974 ஆம் ஆண்டு நம் நாட்டில் நீர் மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நீரைக் கெடுக்கும் பொருளைத் தெரிந்தே ஓடையிலோ கிணற்றிலோ விடக்கூடாது என்கிறது அதன் 24 ஆம் பிரிவு. கழிவுநீரை வெளியேற்ற முன் அனுமதி பெறவேண்டும் என்கிறது 25 ஆம் பிரிவு. "ஓடை" என்ற சொல்லுக்கு அச்சட்டம் தரும் விளக்கம் என் மனத்தைத் தொட்டது. ஆறும், தற்சமயம் வறண்டு கிடக்கும் நீர்வழியும், நிலத்தடி நீரும்கூட அதில் அடங்கும். நீரில்லாத மணல் வெளிதானே என்று எவரும் நொய்யலை எண்ணிவிட முடியாது. வறண்ட ஓடைக்கும் சட்டம் ஓடையின் மதிப்பையே தருகிறது.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 இல் அமைந்தது. அதிகம் மாசுபடுத்தும் தொழில்களை ஆறு முதலான நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிதாகத் தொடங்கக்கூடாது என்று 1989 இல் அரசாணை பிறந்தது. ஆனால் பெரிய ஆலை ஒன்றைக் கண்காணிப்பது வேறு. தெருத் தெருவாகப் பரவிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளைக் கண்காணிப்பது வேறு. பெரிய ஆலைக்கு ஒரு வாசல், ஒரு குழாய், ஒரு பொறுப்பாளர் உண்டு. சிறு பட்டறையின் குழாய் சாக்கடையில் இறங்கி, சாக்கடை ஓடையில் இறங்கி, ஓடை ஆற்றில் சேரும்போது யாருடைய நீர் என்ற அடையாளமே போய்விடும். சிறு பட்டறைக்குத் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டப் பணமும் இராது, இடமும் இராது.

இதன் விளைவை ஒரத்துப்பாளையம் கண்டது. பாசனத்துக்காக 1992 இல் முடிக்கப்பட்ட அணை சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. அணையைத் திறந்து தண்ணீர் விடுங்கள் என்று கேட்க வேண்டிய உழவர்களே, திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. 2003 இல் நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தார் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீர் ஒரு சொட்டும் ஆற்றில் விழாத நிலையை எட்டவேண்டும் என்று 2006 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009 இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அப்படியும் நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வேளையில் நின்றன.

அவற்றுள் ஒன்று என் தந்தையாரின் பட்டறை. நான் அப்போது பத்தாம் வகுப்பு மாணவி, பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா காலையில் எழுந்து, வழக்கம்போல் குளித்துவிட்டு, எங்கும் போகாமல் திண்ணையில் அமர்ந்திருப்பார். அம்மா வீட்டிலேயே பனியன் பிசிறு வெட்டும் வேலையை வாங்கிச் செய்தார். அந்த மாதங்களில் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் என்னைத் தேர்வெழுத வைத்த அருட்சகோதரிகளை நான் என்றும் மறவேன். அப்புச்சி இரண்டு மூட்டை சோளத்தைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவைத்தார். "நாஞ் செயிச்சுட்டேன்னு வரலீங்க மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு வந்த மாற்றமே இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது. பட்டறைகள் பல ஒன்றுகூடி நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் புதிய முறைக்கு மாறின. அரசும் கடனுதவி அளித்தது. பட்டறையின் கழிவுநீர் குழாய் வழியாக நிலையத்துக்குப் போகிறது. அங்கே நுண்ணுயிர்களைக் கொண்டு முதலில் தூய்மை செய்கிறார்கள். பின்பு எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில், மிக நுண்ணிய சவ்வு வழியே அழுத்தித் தள்ளி, உப்பையும் நீரையும் பிரிக்கிறார்கள். நல்ல நீர் மீண்டும் பட்டறைக்கே வருகிறது. எஞ்சிய உப்புக் கரைசலை ஆவியாக்கி உப்பையும் மீட்டு மறுபடி சாயமேற்றப் பயன்படுத்துகிறார்கள். பயன்படாத கலப்பு உப்பு மட்டும் மிஞ்சி, காப்பாக வைக்கவேண்டிய சுமையாகிறது. மின்சாரமும் விறகும் நிறையச் செலவாகின்றன. ஆயினும் தந்தையார் வேலைக்குத் திரும்பினார். பட்டறை ஒவ்வொன்றும் அனுப்பும் நீருக்கு அளவுமானி இருக்கிறது. அளவுக்கேற்பக் கட்டணம் உண்டு. "இப்பத்தான் கண்ணு, எங்க பட்டறை எத்தனை தண்ணி விடுதுன்னு எங்களுக்கே தெரியுது" என்று அப்பா ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

எனவே சிறிய கழிவுகளுக்கான விதி எப்படி இருக்கவேண்டும் என்பதை இரண்டு கரைகளிலிருந்தும் கற்றுக்கொண்டேன். தனித்தனியே அளந்து, சிறிதுதானே என்று விட்டுவிடலாகாது; ஒரே ஓடையில் சேரும் அனைத்தையும் கூட்டிப் பார்க்கவேண்டும். ஓடையால் எவ்வளவு தாங்க முடியும் என்பதே எல்லையாக இருக்கவேண்டும். அத்துடன், சிறியவன் தனியாகச் செய்ய இயலாததைக் கூடிச் செய்ய வழியும் காட்டவேண்டும். வழி காட்டாத விதி ஏழையின் அடுப்பை அணைக்கும். விதியில்லாத சலுகை இன்னோர் ஏழையின் கிணற்றைக் கெடுக்கும். 2006-க்கும் 2011-க்கும் இடையில் கூடிச் செய்திருந்தால் திண்ணையில் அமர்ந்த அந்த மாதங்கள் எங்கள் வீட்டுக்கு வந்திரா.

வேலை முடிந்துவிடவில்லை. நகரங்களின் வீட்டுச் சாக்கடை இன்னமும் நொய்யலில் இறங்குகிறது. மண்ணில் ஊறிய உப்பு விரைவில் போவதில்லை. அப்புச்சியின் கிணற்று நீர் தென்னைக்கு ஆகிறது, மஞ்சளுக்கு இன்னும் ஆகவில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட சுற்றுமடலில் பூமியை நம் பொது இல்லம் என்று அழைத்து, ஏழைகளுக்குக் கிடைக்கும் நீரின் தரம் பற்றித் தனியே எழுதியுள்ளார். பொது இல்லத்தில் ஒருவர் அறையின் கழிவு மற்றவர் அறைக்குள் போவதை எந்தத் தாயும் பொறுக்கமாட்டாள்.

இப்போது நான் வேதியியல் கற்பிக்கிறேன். இவ்வாண்டு என் பதினோராம் வகுப்பு மாணவியருக்கு ஒரு செயல்திட்டம் கொடுத்தேன். ஆய்வகத் தொட்டி, விடுதிச் சமையலறை, துணி துவைக்கும் கல், ஆகிய மூன்று இடங்களின் நீரும் வளாகத்தைத் தாண்டி எங்கே போகிறது என்று நடந்து பார்த்துப் படம் வரையவேண்டும். சமையலறை நீர் வாழைகளுக்குப் போவதைக் கண்டார்கள். மற்ற இரண்டும் மதில் சுவருக்கு வெளியே திறந்த சாக்கடையில் விழுகின்றன. படத்தைத் தலைமைச் சகோதரியிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆய்வக நீரை நடுநிலையாக்கித் தேக்க ஒரு தொட்டி கட்ட இசைவு கிடைத்திருக்கிறது. அன்பு மாணவியரே, விடுமுறையில் உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு படம் வரைந்து வாருங்கள். நம் வீட்டு நீர் எங்கே போகிறது என்று தெரிந்தால்தான், அங்கே யார் அதைக் குடிக்கிறார் என்று கேட்கத் தோன்றும்.