நீ அங்கே இருக்க மாட்டே

மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள் அதன் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். ஊரிலிருந்து வந்த என் சித்தப்பா பஸ் ஜன்னலில் தலையை நீட்டி மாடிகளை எண்ணிவிட்டு, பதிமூன்றா பதினாலா என்று கண்டக்டரிடம் வழக்காடியிருக்கிறார். எனக்கு அது எப்போதும் கைமாறிய கட்டடம். 1953இல் வேலை தொடங்கியபோது அது எல்.ஐ.சி.யே இல்லை, எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காக எழும்பியது. வரைந்தவர்கள் லண்டன் கட்டடக் கலைஞர்கள் பிரவுனும் மூலினும். அடுத்த ஆண்டே செட்டியார் சிங்கப்பூரில் விமான விபத்தில் இறந்துபோனார். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனது. கட்டடம் வேண்டுமென்று கேட்ட மனிதரும் இல்லை, கேட்ட கம்பெனியும் இல்லை. 1957இல் லண்டன்காரர்களும் விலகிக்கொள்ள, சென்னையின் எல்.எம். சித்தாலே மிச்சத்தை எடுத்து முடித்தார். 1959 ஆகஸ்டில் திறந்தார்கள்.

எங்கள் கட்டடக்கலை அலுவலகத்தில் டீ வரும் நேரத்தில் அந்த 1957க்கு அடிக்கடி போவோம். பாதி எழும்பிய கட்டடம், யாரோ போட்ட கணக்கு, யாரோ வரைந்த தாள். "அன்னிக்கு சித்தாலே மேஜை மேல என்னென்ன தாள் இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாரு" என்பார் சார். சார் என்றால் எங்கள் முதலாளி. மவுண்ட் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மாடியில் அலுவலகம். எண்பதுகளின் கடைசி. ராட்ரிங் பேனா, டிரேசிங் தாள், மையைச் சுரண்ட பாதியாக ஒடித்த பிளேடு, பின்கட்டில் அமோனியா பிரிண்ட் எடுக்கும் பெட்டி. அந்த நெடி சட்டையில் ஏறி வீடுவரை கூடவே வரும்.

கல்லூரியில், என்ன கட்ட வேண்டும் என்பதை ஆசிரியர் டைப் அடித்தே கொடுத்துவிடுவார். ஒரு நூலகம், இத்தனை சதுர மீட்டர், இத்தனை வாசகர். நாங்கள் வரைந்து, நிழல் போட்டு, நாலு மரம் நட்டு, ஜூரி முன்னால் நின்று வாதாடி மார்க் வாங்குவோம். அந்த டைப் அடித்த தாளை வெளியுலகில் யாரும் தரமாட்டார்கள், அதை உண்டாக்குவதே வேலையில் பாதி என்பது சார் அலுவலகத்துக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

தென்மாவட்டத்து டாக்டர் ஒருவர் புது ஆஸ்பத்திரி கட்ட வந்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தார்: நூறு படுக்கை, இரண்டு தியேட்டர், எக்ஸ்ரே, கார் நிறுத்த இடம், பார்க்க நல்லா இருக்கணும். அவ்வளவுதான். சார் அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "இத வச்சு ஒரு கோடு போடக் கூடாது. அவரோட பழைய ஆஸ்பத்திரியில போய் உட்காரு."

உட்கார்ந்தேன். பகலிலும் சில ராத்திரிகளிலும். ஒரு படுக்கைக்கு ஒரு ஆள் என்பது டாக்டர் கணக்கு. வராந்தா கணக்கு வேறு. நோயாளியின் சம்சாரம், அம்மா, தூக்குச்சட்டியோடு பஸ் ஏறி வரும் மச்சான், அவன் கூட்டிவரும் பிள்ளைகள். இவர்கள் எங்கே படுப்பார்கள், எங்கே குளிப்பார்கள், துவைத்ததை எங்கே காயப்போடுவார்கள்? ஜன்னல் கம்பியில்தான் காயப்போட்டிருந்தார்கள். மருந்து அறைக்கும் வார்டின் கடைசிக் கட்டிலுக்கும் நர்ஸ் நடக்கும் நடை, அழுக்குத்துணி மூட்டையும் சாப்பாட்டு வண்டியும் ஒரே வழியில் உரசிக்கொண்டு போவது, ஸ்ட்ரெச்சரைத் திருப்ப முடியாமல் தூக்கி வளைக்கிற மூலை. எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தபோது, பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மா நிமிர்ந்து கேட்டார்: "புது ஆஸ்பத்திரிக்குப் படம் போடுற தம்பி நீதானா? அதுல பொணம் எந்த வழியாப் போவும்?"

அங்கே முன்வாசல் வழியாகத்தான் போகிறதாம், டோக்கனோடு காத்திருக்கும் ஜனம் பார்க்கப் பார்க்க. பார்த்துவிட்டு டோக்கனை பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்து போனவர்களும் உண்டாம்.

ஹூஸ்டனில் சி.ஆர்.எஸ். என்ற கட்டடக்கலை நிறுவனத்தில் இருந்த வில்லியம் பென்யா, வரையத் தொடங்குமுன் செய்ய வேண்டிய விசாரணையைப் பற்றியே ஒரு புத்தகம் முன்னின்று எழுதினார். முதல் பதிப்பு 1969. இலக்கு, தகவல், கருத்து, தேவை, கடைசியாகப் பிரச்சினை இன்னதென்று எழுதிவைப்பது என்று ஐந்து படிகள். அதன் பிற்காலப் பதிப்பு ஒன்று சார் அலமாரியில் இருந்தது. முறையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேள்விப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு பணம் போடுகிறவரிடம் மட்டும் உட்கார்ந்தால் ஆயாம்மாவின் கேள்வி வரவே வராது.

திரும்பி வந்து ஒவ்வொரு அறைக்கும் ஒரு பக்கம் எழுதினோம். யார் உள்ளே வருவார், என்ன தூக்கிக்கொண்டு வருவார், பக்கத்தில் எது இருக்க வேண்டும், எது இருக்கவே கூடாது, தண்ணீர் எத்தனை இடம், பிளக் எத்தனை, தரையைக் கழுவுவார்களா துடைப்பார்களா. எக்ஸ்ரே அறைக்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கதவில் ஈயத்தகடு. கட்டுக்கட்டாக வந்த தாளைப் பார்த்து, "நான் கேட்டது கட்டடம், நீங்க புஸ்தகம் போட்டுட்டீங்க" என்றார் டாக்டர். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் போட்டார்.

பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் சங்கம் 1963இல் வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒரு திட்டம் வெளியிட்டது. இங்கே 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டடக்கலைக் கவுன்சிலின் நிபந்தனைகளிலும் அப்படியே: முதல் யோசனை, பூர்வாங்க வரைபடம், அனுமதிக்கான வரைபடம், வேலை வரைபடமும் டெண்டரும், பிறகு கட்டுமானம். ஃபீஸ் வாங்க இந்தப் பிரிவு சௌகரியம். ஆனால் ஒரு கட்டம் முடிந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் அடுத்தது தொடங்கும் என்று நம்பினால் கஷ்டம்.

டாக்டர் மெட்ராஸில் ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார். தியேட்டருக்கு ஜன்னல் ஏ.சி. போதும் என்றிருந்தவர், வடிகட்டியோடு கூடிய சென்ட்ரல் ஏ.சி. வேண்டும் என்றார். நியாயமான ஆசை. அறுவைசிகிச்சை செய்கிற இடம். அப்போது வேலை வரைபடம் பாதி நடந்துகொண்டிருந்தது. மாடிக்கு மாடி 3.6 மீட்டர் வைத்திருந்தோம். பீமுக்கு 600 மில்லி போனால் மிச்சம் மூன்று மீட்டர். தியேட்டருக்குள் வேண்டிய உயரமும் அதேதான். இப்போது பீமுக்கு அடியில் 450 மில்லி டக்ட், அதற்கடியில் ஃபால்ஸ் சீலிங். அந்த மாடியை 4.2 மீட்டராக உயர்த்தினோம். 600 மில்லிதானே? படிக்கட்டில் நாலு படி கூடிற்று, படிக்கட்டுக்கூடு நீண்டது, அதை ஒட்டிய நர்ஸ் அறை சுருங்கியது. கட்டில் தள்ளும் ராம்ப்புக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு, ஆகவே 7.2 மீட்டர் கூட ஓட வேண்டும். ஓடிற்று, கார் நிறுத்தும் இடத்துக்குள். கார் எண்ணிக்கை குறைந்ததால் அனுமதிக்குக் கொடுத்த வரைபடமும் செல்லாது. குளிர்காற்றில் தொடங்கிய பேச்சு முனிசிபாலிட்டி ஆபீஸ் வாசலில் போய் நின்றது.

இந்த மாதிரி நேரத்துக்கென்றே சாரிடம் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருந்தது. ஒவ்வொரு கூட்டமும் முடிந்ததும் அதே மேஜையில் எழுதுவார்: முடிவு என்ன, யார் முடிவு, தேதி, அதனால் எது எது மாறும், செலவு எவ்வளவு கூடும், எத்தனை வாரம் தள்ளும். படித்துக் காட்டி நோட்டைத் திருப்பி வைப்பார். ஏ.சி. பக்கத்தை முழுக்கக் கேட்ட டாக்டர் சிரித்தார். "என்ன சார், ஆபரேஷனுக்கு கன்சென்ட் வாங்குற மாதிரி இருக்கு?"

"அதேதான் டாக்டர்."

அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த மொழி அவருடையது. பிறகு நான் பார்த்த எந்த மேலாண்மைப் பாடத்திலும் இதைவிட நல்ல முறை இல்லை என்பது என் அபிப்பிராயம். மாறக் கூடாது என்று மல்லுக்கட்டுகிறவர்களிடம் கட்டட வேலை நின்றுபோகிறது. மாறினால் என்ன ஆகும் என்று சொல்லாமல் தலையாட்டுகிறவர்களிடம் பணம் கரைகிறது. சார் இரண்டும் இல்லை.

லண்டன்காரர்கள் மவுண்ட் ரோட்டை விட்டுப் போன அதே 1957இல்தான் சிட்னி ஆபரா ஹவுஸ் போட்டியில் டென்மார்க்கின் யோர்ன் உட்சன் ஜெயித்தார். இங்கே எல்.ஐ.சி.யைத் திறந்த 1959இல் அங்கே கட்ட ஆரம்பித்தார்கள், கூரையை எப்படிக் கட்டுவது என்று முடிவாகாமலே. அடித்தளத் தூண்கள் கூரையின் பாரம் தாங்காது என்று பிறகு இடித்துக் கட்டினார்கள். 1966இல் உட்சன் விலகினார். கச்சேரிக்கும் ஆபராவுக்கும் சேர்த்து என்றிருந்த பெரிய அரங்கு, கச்சேரிக்கு மட்டும் என்று மாறியது. பொருத்திய மேடை இயந்திரங்களைக் கழற்றி எறிந்தார்கள். 70 லட்சம் டாலர் மதிப்பிட்டது, 1973இல் திறக்கும்போது 10 கோடியே 20 லட்சம். அதன் கூரையின் அழகைப் பற்றி எழுதாதவர் இல்லை. என்னைக் கவர்ந்தது அதற்கெல்லாம் பின்னால் நடந்தது. 1999இல் அந்த உட்சனையே திரும்ப அழைத்து, இனி வருகிறவர்கள் கட்டடத்தை எப்படி மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். 2002இல் அது வெளியானது. கட்டி முடிந்ததை அவர் நேரில் பார்த்ததே இல்லை.

பின்னால் வருகிறவர்களுக்கு எழுதிவைக்கும் விஷயத்தில் எங்கள் அலுவலகத்தில் அதிகாரம் படைத்தவர் அண்ணாச்சி. தலைமை டிராஃப்ட்ஸ்மேன், திருநெல்வேலிப் பக்கம். ஒரு அளவை ஒரு இடத்தில்தான் எழுத வேண்டும் என்பது அவர் சட்டம். இரண்டு இடத்தில் எழுதினால் ஒன்றைத் திருத்துவோம், மற்றது பழசாகவே கிடக்கும், மேஸ்திரி கண்ணில் அதுதான் படும். வரைந்து முடித்த தாளோடு போய் நின்றால் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஆரம்பிப்பார். "இப்ப நான் மேஸ்திரி. இந்தக் கதவு எந்தப் பக்கமாத் தொறக்கும்? டைல்ஸ எந்த மூலையிலேர்ந்து ஒட்டுவேன்? உடைஞ்ச துண்டு எந்தப் பக்கம் வரும்?"

நான் வாயால் பதில் சொல்வேன்.

"வாயால சொல்லாதீங்க தம்பி. நீ அங்க இருக்க மாட்டே. தாள்தான் இருக்கும்."

மரியாதையில் தொடங்கி ஒருமையில் முடிப்பது அவர் வழக்கம்.

முந்நூற்றுக்கு மேல் வரைபடம் போனது அந்த வேலைக்கு. தளம், வெட்டுத்தோற்றம், கதவு ஜன்னல் பட்டியல், கழிப்பறை ஒவ்வொன்றுக்கும் தனித்தாள். ஸ்ட்ரக்சர்காரர் தாளையும் பிளம்பிங்காரர் தாளையும் கண்ணாடி மேஜையில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அடியில் டியூப்லைட் போட்டு, பீமுக்குள் குழாய் நுழைகிறதா என்று அண்ணாச்சி குனிந்து பார்ப்பார். இப்போது அதைக் கம்ப்யூட்டர் செய்கிறது. ஆயிரக்கணக்கில் மோதல் என்று பட்டியல் கக்குகிறது. அதில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை, எது முக்கியம் என்று பிரித்தெடுக்க இன்றைக்கும் ஒரு அண்ணாச்சி வேண்டியிருக்கிறது.

சைட்டில் எங்களை யாரும் ஆர்க்கிடெக்ட் என்று சொன்னதில்லை. எல்லாருமே இன்ஜினியர் சார்தான். புதுத் தாள் கொண்டுபோனால் பழைய தாளைக் கேட்டு வாங்கி, 'ரத்து' முத்திரை குத்தி, எந்தத் தேதியில் யாரிடம் வாங்கினோம் என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டும். புதுசைக் கொடுப்பது சுலபம், பழசை வாங்குவதுதான் பாடு. வாட்ச்மேன் அதன்மேல் படுத்திருப்பார். டீக்கடையில் வடை மடித்துக் கொடுப்பார்கள், நம்முடைய இரண்டாம் மாடிக் கழிப்பறைகள் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும்.

மவுண்ட் ரோட்டின் வடக்குக் கோடியில் ஓமந்தூரார் தோட்டத்தில் சட்டமன்றத்துக்கென்று எழுந்த கட்டடத்தை நானும் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். வரைந்தது ஜெர்மனியின் ஜி.எம்.பி. 2010 மார்ச் 13 அன்று திறப்பு விழா. குவிமாடம் முடியாததால் சினிமாக் கலை இயக்குநர் தோட்டா தரணி தற்காலிகமாக ஒன்று அமைத்தார். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. 2014இல் அது அரசு பன்னோக்கு மருத்துவமனை ஆனது. அரசியலை விட்டுவிடுகிறேன், அதைப் பேச வேறு ஆள் இருக்கிறார்கள். அமைச்சர்களுக்காகப் போட்ட அறைகளில் கட்டில் போடப் போனவர்கள் முதலில் தேடியது எதை என்று மட்டும் யோசிப்பேன். எந்தச் சுவரை உடைக்கலாம், எந்தத் தளம் எவ்வளவு தாங்கும், கழிவுநீர் எந்தக் குழியில் இறங்குகிறது. ஒரே சாலையில், பாதியில் ஒரு கட்டடம், முடிந்த பிறகு ஒரு கட்டடம், இரண்டும் கை மாறியிருக்கின்றன.

சமீபத்தில் தென்மாவட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டாக்டரின் மகன் நடத்துகிறார். பேசியது அங்கே பராமரிப்பு பார்க்கும் இளைஞர். பழைய வரைபடங்களை ஸ்கேன் பண்ணி வைத்திருக்கிறார்கள், நல்ல காரியம்.

"சார், தரைத்தளத்துல வார்டுக்குப் பின்னாடி ஒரு தனி காரிடார் போய் ஒரு கதவுல முடியுது. யாரும் பெருசா யூஸ் பண்றதில்ல. அத அடைச்சுட்டு ஸ்கேன் ரூம் போட்டுக்கலாமான்னு டாக்டர் கேக்கச் சொன்னார்."

"கதவுக்கு நம்பர் என்ன போட்டிருக்கு?"

"டி-14."

"கதவுப் பட்டியல் தாள எடுங்க. டி-14க்கு நேரா கடைசிக் கட்டத்துல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

அண்ணாச்சியின் நுணுக்கிய கையெழுத்து ஸ்கேனில் தெரியாதோ என்று நினைத்தேன். தெரிந்திருக்கிறது.

"பிரேதம் வெளியே செல்லும் வழி. வேறு உபயோகம் கூடாது. அறைப் பட்டியல் பக்கம் நாற்பத்தொண்ணு பார்க்கவும்." கொஞ்சம் நிறுத்தினார். "சரிதான் சார், ராத்திரிலதான் யூஸ் ஆகுது. நான் பகல் டூட்டி. வேற இடம் பாக்கச் சொல்றேன்."

ஒரு வாரத்தில் வேறு மூன்று இடங்களைக் குறித்து பி.டி.எஃப். அனுப்பினார். ஒன்று பரவாயில்லை. ஒன்றுக்குள் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. மூன்றாவது நேராக செப்டிக் டேங்க் மேல் உட்கார்ந்திருந்தது. சைட் தாள் எண்ணை அனுப்பி, பார்த்துவிட்டுப் பேசச் சொல்லியிருக்கிறேன்.