முற்றவெளியில் ஒரு பாடம்

யாழ்ப்பாணக் கோட்டையின் அயலிலே பரந்து கிடக்கிறது முற்றவெளி. 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய அக்கோட்டையைக் காண வருவோர் பலர். நானோ எங்கள் எட்டு மாத நாய்க்குட்டியைப் பழக்கவே அங்கு செல்லலானேன் என்றால் நகைப்பீர்கள்.

காரணம் உண்டு. தெருநாயொன்றைக் கண்டு குட்டி பாய்ந்த வேகத்தில், கயிற்றைப் பிடித்திருந்த என் மகன் வீதியிலே விழுந்தான். எதிரே வந்த பஸ் மயிரிழையில் நின்றது.

ஒழுங்கையில் பிறநாய்கள் எதிர்ப்பட்டால் விலக இடமில்லை. வெளியிலோ தூரம் நம் வசத்தில் உள்ளது. முதன்நாள் 200 அடி தள்ளி நின்றோம். குட்டி மற்ற நாயை நோக்கியது. குரைக்குமுன் பெயர் சொல்லி அழைத்தேன். திரும்பியதும் முள் நீக்கிய அவித்த மீன் ஒரு துண்டு. குரைத்தால் அடிப்பதில்லை, பின்வாங்கினோம். அமைதி நிலைத்த பின்னரே சிறிது சிறிதாக நெருங்கினோம்.

ஒன்று கண்டேன். நான் அஞ்சிக் கயிற்றை இறுக்குந்தோறும் குட்டியும் சீறியது. என் பிடி தளர, அதுவும் அடங்கியது. பாடம் எனக்குந்தான்.

நேற்று மாலை 30 அடி தூரத்தில் இரு நாய்கள் சென்றன. குட்டி அவற்றைப் பார்த்தது. பின்னர் என் மகனின் முகத்தைப் பார்த்தது. கயிறு அவன் கையில் இருந்தது.