கம்பெனியின் கரிக் கணக்கு

விடியற்காலை நாலரை மணிக்கே எங்கள் குன்றத்தூரில் கம்பெனி பஸ்கள் உறுமத் தொடங்கிவிடும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறவர் இல்லாத தெருவே இங்கே கிடையாது. என் கணவர் போவது பெரிய கம்பெனிக்கு அல்ல. கார் உதிரி பாகங்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் சின்னப் பட்டறைக்கு. முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள்.

போன வருஷம், இவர்களுக்கு ஆர்டர் தரும் இடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. மாதம் எத்தனை யூனிட் கரண்ட், ஜெனரேட்டருக்கு எத்தனை லிட்டர் டீசல், லாரி எத்தனை கிலோமீட்டர் என்று வரிசையாகக் கேள்விகள். "புகைக்குமா கணக்கு கேப்பாங்க?" என்று சலித்துக்கொண்டே இவர் அதை வீட்டுக்கு எடுத்து வந்தார். வீட்டு வரவு செலவு நோட்டு எழுதுகிறவள் நான்தானே! உட்கார்ந்து படித்தேன்.

சமையலறையை வைத்துப் பார்த்தால் விஷயம் எளிதுதான். நம் வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. அது எரிந்து தீர்ந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு வெளியே போகிறது. பதினாலு எப்படி நாற்பத்திரண்டு ஆகும் என்று நானும் திகைத்தேன். ஒரு ஆழாக்கு ரவை தண்ணீரை இழுத்துக்கொண்டு சட்டி நிறைய உப்புமா ஆகிறதல்லவா? அதுபோல எரியும்போது காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்துகொள்கிறது. கரண்டுக்கும் கணக்கு உண்டு. நம் நாட்டில் பெரும்பாலும் நிலக்கரியில் தயாராவதால் யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம்.

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் இருக்கிறதே, அதன் தாய்க் கம்பெனி 2045-க்குள் இந்தக் கரிக் கணக்கை நேர் செய்துவிடுவதாக 2021-ல் அறிவித்தது. இங்கே 75 மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கும் 43 மெகாவாட் காற்றாலைக்கும் 2024-ல் ஒப்பந்தம் ஆனது. இரண்டும் ஏன் என்றால், சூரியன் நைட் ஷிப்டுக்கு வரமாட்டாரே! ஆடிக் காற்று இரவிலும் அடிக்கும்.

கண்ணாடி செய்கிறவர்கள் பாடுதான் கஷ்டம். ஸ்ரீபெரும்புதூர் செயின்ட் கோபெயினின் தாய்க் கம்பெனி 2050 என்று கெடு வைத்திருக்கிறது. கண்ணாடி உலையை நம் அடுப்பு மாதிரி அணைத்து அணைத்து ஏற்ற முடியாது. வருஷக்கணக்கில் இரவு பகலாக எரிய வேண்டும். போதாததற்கு, உருகும் சுண்ணாம்புக்கல்லும் சோடாவுமே கரியமில வாயுவை விடுகின்றன. கரண்டை மட்டும் மாற்றினால் அங்கே கதை முடியாது.

கார் விஷயத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தொழிற்சாலையில் வரும் புகையைவிட, விற்ற பிறகு பெட்ரோல் காராக ரோட்டில் ஓடி விடும் புகைதான் பல மடங்கு. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுக் கணக்கு. வாக்குறுதி வந்தால் எது வரை சேர்த்தார்கள் என்று நான் இப்போது முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

ஆனால் பட்டறைக்காரர்கள் பயம் வேறு. படிவம் நிரப்பாவிட்டால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விடுமோ? முப்பது குடும்பம் ஆயிற்றே. கணக்குக் கேட்கிறவர்கள் மீட்டர் வாங்கும் செலவிலும் கொஞ்சம் பங்கு போட்டால் என்ன என்று நான் கேட்டேன். "நீ வந்து கேளேன்!" என்றார் இவர்.

கடைசியில் முதலாளியே ஒரு மீட்டர் வாங்கி மாட்டினார். மிஷின் எல்லாம் நின்ற ராத்திரியிலும் அது ஓடிக்கொண்டே இருந்ததாம். தேடிப் பார்த்தால், காற்று அழுத்தும் கம்ப்ரஸர் குழாயில் மூன்று இடத்தில் கசிவு! அடைத்த பிறகு வந்த கரண்ட் பில்லை இவரே கொண்டுவந்து என்னிடம் காட்டினார்.

இப்போது கூரைமேல் சோலார் தகடு போட முதலாளி பாங்கில் கடன் கேட்டிருக்கிறார். இந்த மாதப் படிவம் மட்டும் இன்னும் அலமாரியில் கிடக்கிறது. லாரிக்காரர் கிலோமீட்டர் சொன்னால்தான் நிரப்ப முடியும்.