கொடியும் ஜெபமும்

யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு அமெரிக்கா முதன்முதலிற் போர்க்கப்பலாகவோ டொலராகவோ அறிமுகமாகவில்லை. 1816ஆம் ஆண்டில் அது பாதிரியாராக வந்து இறங்கியது. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த பழைய தேவாலயங்களைத் திருத்திக் குடியேறிய அம்மனிதர்கள் பள்ளிகள் அமைத்தார்கள்; அச்சுக்கூடம் நிறுவினார்கள்; வைத்தியஞ் செய்தார்கள். அவர்கள் வழிவந்த பாடசாலையொன்றிலேதான் 1950களில் நாமும் எழுத்தறிந்தோம். நெற்றியிலே திருநீறும் நாவிலே பரமண்டல ஜெபமுமாகக் காலைதோறும் வரிசையில் நின்ற தலைமுறை எம்முடையது. அந்த ஜெபத்திலே கொடி எதுவும் இருக்கவில்லை. அமெரிக்காவின் அரசாங்கப் பள்ளிகளிற் பிள்ளைகள் காலையில் எழுந்து நின்று சொல்வது ஜெபமன்று, கொடிக்கு விசுவாசமாயிருப்போம் என்ற உறுதிமொழியே என்பதைப் பிற்காலத்தில் அறிந்தபோது எமக்குச் சற்று வியப்பாயிருந்தது.

அதற்கிடையில் வியட்நாம் வந்துவிட்டது. மாணவராயிருந்த நாம் அக்காலத்திலே ஒரு சுவரொட்டி வரைந்தோம். பட்டாளத்தான் ஒருவன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்க, அத்துப்பாக்கியின் மீது பாதிரியார் ஒருவர் புனித நீர் தெளிப்பதாகச் சித்திரம். தேசபக்தி, படைச்சேவை, கிறிஸ்தவ விசுவாசம் என்னும் மூன்றும் அமெரிக்காவில் ஒரே எசமானுக்கு ஏவல் செய்பவை என்பதில் எமக்கு அன்று எள்ளளவும் ஐயமிருக்கவில்லை. எமது நண்பர்கள் அச்சித்திரத்தை வெகுவாக மெச்சினார்கள். அது முழுப்பொய்யுமன்று. எனினும், அந்தப் பாதிரியாரை நாம் வரைந்தவிதம் இன்றும் எம் மனத்தை உறுத்திக்கொண்டேயிருக்கிறது.

கொடிக்கான அந்த உறுதிமொழியை எழுதியவர் யாரென்று பார்ப்போம். பிரான்சிஸ் பெலமி என்பவர் பப்டிஸ்த சபையின் போதகர். தம்மைக் கிறிஸ்தவ சோசலிஸ்ட் என்று வெளிப்படையாக அழைத்துக்கொண்டவர். தொழிலாளர் பக்கம் நின்று அவர் செய்த பிரசங்கங்கள் சபையிலிருந்த பணக்காரருக்குக் கசந்தன. பொஸ்டனில் அவருடைய பிரசங்க பீடம் கைவிட்டுப் போனது. அதன் பின்னர் இளைஞர் பத்திரிகையொன்றில் வேலைக்கமர்ந்தார். அப்பத்திரிகை பள்ளிகளுக்குக் கொடி விற்பதிலும் ஈடுபட்டிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். தேசபக்திக்கும் வியாபாரத்துக்கும் அங்கு நெடுநாளாகவே நல்லுறவு. கொலம்பஸ் வந்த 400ஆம் ஆண்டு விழாவுக்காக, 1892இல், பெலமி அந்தச் சில வரிகளை எழுதிக் கொடுத்தார். பிரிக்கவொண்ணாத ஒரே தேசம், எல்லோர்க்கும் சுதந்திரம், எல்லோர்க்கும் நீதி என்பனவே அதன் சாரம். சமத்துவம் என்ற சொல்லையும் சேர்க்க நினைத்தவர், பெண்களுக்கும் கறுப்பினத்தவர்க்கும் சமத்துவமா என்று கல்வி அதிகாரிகள் முகஞ்சுளிப்பர் எனக் கருதி விட்டுவிட்டார் என்பர். (அவரும் மாசற்றவரல்லர், குடியேறி வந்த ஏழைகளைப்பற்றி அவர் எழுதியவற்றுள் வெறுக்கத்தக்கவை உண்டு.) இவ்விடத்தில் நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. போதகர் ஒருவர் எழுதிய அந்த வாசகத்திற் கடவுளின் பெயரே இல்லை.

கடவுள் அதற்குள் நுழைந்தது 62 ஆண்டுகள் கழித்து. 1954 பெப்ரவரி 7ஆந் திகதி, வொஷிங்டனில், ஒருகாலத்தில் ஆபிரகாம் லிங்கன் சென்றுவந்த தேவாலயத்திலே ஜனாதிபதி ஐசனோவர் அமர்ந்திருந்தார். ஜோர்ஜ் டொக்கேட்டி என்னும் போதகர் பிரசங்கித்தார். ஸ்கொத்லாந்திற் பிறந்தவராகிய அவருக்கு அந்த உறுதிமொழி புதிது. நாட்டின் பெயரை மாற்றிவிட்டால், மொஸ்கோவின் பிள்ளைகளும் அரிவாளும் சம்மட்டியும் பொறித்த கொடியை நோக்கி இதையே சொல்லலாமே என்பது அவருடைய வாதம். உண்மைதான்! எல்லோர்க்கும் சுதந்திரம், எல்லோர்க்கும் நீதி என்பது மொஸ்கோவிலும் சொல்லத்தக்கதாயிருந்தமை அதன் சிறப்பென்று எமக்குத் தோன்றுகிறது. அவருக்கு அது குறையாகத் தோன்றியது. கத்தோலிக்க அமைப்பொன்று முன்னரே தொடங்கியிருந்த கிளர்ச்சிக்கு இப்பிரசங்கம் வேகங்கொடுத்தது. அவ்வாண்டு ஜூன் 14ஆந் திகதி, கொடி நாளன்று, 'கடவுளின் கீழ்' என்னும் சொற்களைச் சேர்க்கும் சட்டத்தில் ஐசனோவர் கையொப்பமிட்டார். 1956இல், கடவுளில் நம்பிக்கை வைத்திருக்கிறோம் என்பது நாட்டின் குறிக்கோள் வாக்கியமாயிற்று. உள்நாட்டுப் போர்க்காலமாகிய 1864இலேயே நாணயத்தில் ஏறியிருந்த அவ்வாக்கியம் 1957 முதல் டொலர்த் தாள்களிலும் ஏறியது. பணத்தில் எழுதிவைக்கும் நம்பிக்கை எதன்மேலான நம்பிக்கை என்று கேட்க ஆசைதான். ஆயினும் உண்டியலுக்கு இரட்டைப் பூட்டுப் போடும் கோவில்களிடையே வளர்ந்த நாம் அதற்கு அதிகம் நகைப்பது அழகன்று.

அச்சட்டத்தில் ஒப்பமிட்ட ஐசனோவரின் தாயார், பின்னாளில் யெகோவாவின் சாட்சிகள் எனப் பெயர் பெற்ற சிறு சபையைச் சேர்ந்தவர். அச்சபையினர் எந்தக் கொடிக்கும் வணக்கஞ் செலுத்தார். எந்தப் பட்டாளத்திலும் சேரார். விக்கிரகத்தை வணங்காதே என்ற கட்டளையை அப்படியே எடுத்துக்கொண்ட எளிய மனிதர்கள். 1935இல் பென்சில்வேனியாவிலே, மைனர்ஸ்வில் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில், 12 வயதுச் சிறுமியும் அவளுடைய 10 வயதுத் தம்பியும் கொடிக்கு வணக்கஞ் செலுத்த மறுத்தார்கள். அந்நாளைய வணக்கம் வலக்கையைக் கொடியை நோக்கி நேரே நீட்டுவது. அதே வேளையில் ஜெர்மனியிலே, அதே போலக் கையை நீட்டி ஹிட்லருக்கு வணக்கஞ் செலுத்த மறுத்த அவர்களுடைய சபையினர் சிறைக்கூடங்களில் வாடிக்கொண்டிருந்தனர். பிள்ளைகள் இருவரும் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டனர். தகப்பனின் பலசரக்குக் கடையை ஊரார் புறக்கணித்தனர்.

1940 ஜூனில் உயர் நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பள்ளிக்கூடத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பீலிக்ஸ் பிராங்பேர்ட்டர். வியன்னாவிலிருந்து சிறுவயதிற் குடியேறிய யூதர். ஹிட்லரின் படை பிரான்சை விழுங்கிக்கொண்டிருந்த வேளை. தேச ஒற்றுமையே பெரிதென்று அவர் எண்ணியதை எம்மால் விளங்கிக்கொள்ள முடிகிறது. ஆனால் தீர்ப்பு வெளிவந்த சில நாட்களுக்குள்ளேயே மேய்ன் மாநிலத்தில் அச்சபையினரின் மண்டபம் எரிக்கப்பட்டது. ஊர்தோறும் அவர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். சுதந்திரத்தைக் காக்கிறோம் என்ற நினைப்போடுதான் அக்கூட்டங்கள் கல்லெடுத்தன. நாசி வணக்கத்தை ஒத்திருக்கிறது என்பதனால் 1942இறுதியில் நீட்டிய கை மார்புக்கு மடங்கியது. 1943 ஜூன் 14ஆந் திகதி நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றியது. அரசியலிலோ தேசாபிமானத்திலோ மதத்திலோ எது சரியான நம்பிக்கை என்று விதிக்க எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை என நீதியரசர் ஜக்சன் எழுதினார். பிராங்பேர்ட்டர் அப்போதும் உடன்படவில்லை. அந்த ஜூன் 14உம் கொடி நாளே. சரியாகப் பதினோராண்டு கழித்து, அதே நாளில், ஐசனோவரின் பேனா திறந்தது.

படையிலே சேர்ந்தவர்களின் விசுவாசம் பொய்யென்று நாம் சொல்ல வரவில்லை. 1943 பெப்ரவரி 3ஆந் திகதி டோர்ச்செஸ்டர் என்னும் துருப்புக் கப்பல் வட அத்திலாந்திக்கிலே தாக்கப்பட்டபோது, அதிலிருந்த நான்கு மதகுருமார், புரொட்டஸ்தாந்தர் இருவர், கத்தோலிக்கர் ஒருவர், யூதர் ஒருவர், தம் உயிர்காப்பு அங்கிகளைக் கழற்றி மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு அமிழ்ந்தார்கள். துப்பாக்கியைத் தொடவே மறுத்த டெஸ்மண்ட் டொஸ் என்னும் வைத்திய உதவியாளர் ஒக்கினாவாவிலே குண்டுமழைக்கு நடுவிற் காயப்பட்டோரை ஒவ்வொருவராகச் செங்குத்துப் பாறையிலிருந்து இறக்கிக் காப்பாற்றி, 1945இல் நாட்டின் அதியுயர் வீரப்பதக்கத்தைப் பெற்றார். இவர்களை எமது சுவரொட்டியில் எந்த மூலையில் வரைவது?

வியட்நாமிலே நிலைமை வேறு. நியூயோர்க் கர்தினால் ஸ்பெல்மன் 1966 நத்தாருக்கு அங்கே சென்று, வெற்றிக்குக் குறைந்த எதையும் ஏற்பதற்கில்லை என்றார். எமது சித்திரத்துப் பாதிரியார் அவரேதான். ஆனால் நாம் அச்சித்திரத்தை வரைந்து மகிழ்ந்த 1968ஆம் ஆண்டிலே, மே 17ஆந் திகதி, மேரிலாந்து மாநிலத்துக் கேற்றன்ஸ்வில் என்னுமிடத்திற் கத்தோலிக்கர் ஒன்பதின்மர் கட்டாய ஆட்சேர்ப்பு அலுவலகத்துள் நுழைந்தனர். அவர்களுள் பிலிப் பெரிகன், டானியல் பெரிகன் என்னும் குருமார் இருவர் சகோதரர்கள்; பிலிப் இரண்டாம் உலகப்போரிற் படைவீரராயிருந்தவர். 378 கோவைகளை வெளியே கொண்டுவந்து, தாமே தயாரித்த நேப்பாமை ஊற்றிக் கொளுத்தினார்கள். வியட்நாமியக் குழந்தைகளின் தோலை எரித்தது எதுவோ அதனாலேயே எரிக்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பின்னர், பொலிசார் வரும்வரை ஓடாமல் நின்று ஜெபித்தார்கள். அவர்கள் சொன்னது பரமண்டல ஜெபம். எமது பள்ளி முற்றத்திலே நாம் பொருளறியாமல் ஒப்பித்த அதே ஜெபம். இச்செய்தி எமக்குத் தெரியவந்தது பல ஆண்டுகள் கழித்து. தெரிந்திருந்தாலும் அன்று நாம் சித்திரத்தை மாற்றியிருப்போம் என்று உறுதி கூற முடியவில்லை.

சட்டம் மனச்சாட்சியை மதித்ததெல்லாம் ஓர் எல்லைவரைக்குமே. எல்லாப் போரையும் மறுப்பவனுக்கு விலக்கு உண்டு. இந்தப் போர் அநீதி என்று ஆராய்ந்து மறுப்பவனுக்கு இல்லை என 1971இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. கட்டாய ஆட்சேர்ப்பு 1973இல் நின்றுபோனது.

முதலாம் உலகப்போரில் அந்த அளவு கருணையும் இருக்கவில்லை. தெற்கு டகோட்டாவிலே பொதுவுடைமையாக நிலத்தை வைத்து உழுதுண்ட ஹட்டரைட் என்னும் கிறிஸ்தவக் குடியினரில், ஹோபர் சகோதரர் மூவரும் இன்னொருவரும் 1918இற் பட்டாளத்துக்குப் பிடிக்கப்பட்டனர். சீருடை அணியமாட்டோம் என்றார்கள். கொல்லாதே என்ற கட்டளைக்கு மேல் அவர்களிடம் வேறு வாதம் இல்லை. அல்கற்றாஸ் தீவின் நிலவறையில், உள்ளாடையோடு, ஈரத்தரையிற் கிடந்தார்கள். கைகள் கம்பியிலே தூக்கிக் கட்டப்பட்டன. உடுத்திக்கொள்ள மனம் வந்தால் உடுத்தட்டும் என்று சீருடைகள் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன. அவர்கள் உடுத்தவில்லை. நவம்பரிற் போர் முடிந்தது. அதன் பின்னரும் கன்சஸ் மாநிலத்துச் சிறையொன்றுக்கு மாற்றப்பட்டு, அங்கே ஜோசப்பும் மைக்கலும் ஒருவர்பின் ஒருவராகச் சில நாட்களுக்குள் இறந்தார்கள். ஜோசப்பின் மனைவி வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னாள். உயிரோடிருக்கையில் அவன் தொட மறுத்த அந்தச் சீருடையை உடலுக்கு உடுத்தியிருந்தார்கள்.